பாட்டனாரின் கத்தி

மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி பல ஆண்டுகளாகக் கிடந்தது. சென்ற கோடை விடுமுறையில் வீட்டிற்கு வெள்ளையடிக்க எண்ணிப் பரணை ஒழித்தேன். அப்போது அப்பெட்டியைக் கீழே இறக்கித் திறந்து பார்த்தேன். தேய்ந்த தீட்டுக்கல் ஒன்றும், கறுத்துச் சுருங்கிய தோல்வார் ஒன்றும், சிறிய பித்தளைக் கிண்ணம் ஒன்றும் அதனுள் இருந்தன. அவற்றின் அடியில், பழைய துணியில் சுற்றிவைத்த ஒரு சவரக்கத்தி இருந்தது. அஃது என் பாட்டனாரின் கத்தி.

என் தந்தையார் திண்ணையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருக்கு வயது எண்பது. கத்தியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதனைக் கையில் வாங்கவில்லை. சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, "எடுத்த இடத்திலேயே வைத்துவிடு, தம்பி" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. ஆனால் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. அஃது என்னவென்று அன்று எனக்கு விளங்கவில்லை. கத்தியைத் திரும்பவும் பெட்டியில் வைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

என் பாட்டனார் நாவிதர். அவர் பிறந்து வளர்ந்தது தென்னார்க்காட்டின் உட்பகுதியில் இருந்த ஒரு சிற்றூர். அந்நாளில் சிற்றூர்களில் நாவிதர்க்கு அன்றன்று கூலி கொடுக்கும் வழக்கம் இல்லை. அழைத்த வீட்டிற்கெல்லாம் அவர் செல்ல வேண்டும். கொல்லைப்புறத்தில் குந்தியிருந்து தொழில் செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லே ஆண்டு முழுமைக்கும் ஊதியம். புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்து இடுபவரும் அவரே. அவர் வீட்டுப் பெண்கள் ஊராரின் மகப்பேற்றுக்குத் துணை நிற்பார்கள். அதனால் அவர்களை 'மருத்துவர்' என்றும், 'மருத்துவச்சி' என்றும் ஊர் அழைத்தது. பெயர் பெரிதாயினும், அமர்வதற்கு ஒரு பலகையை யாரும் அவர்களுக்கு எடுத்துப் போட்டதில்லை.

நெய்வேலிப் பகுதியில் 1930களில் கிணறு தோண்டியவர்கள் மண்ணுக்கடியில் கருநிறப் பொருள் ஒன்றைக் கண்டார்கள். அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனை வெட்டியெடுப்பதற்காக 1956ஆம் ஆண்டில் அரசு ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் நேரு பெருமகனார் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். முந்திரித் தோப்புகளும் செம்மண் மேடுகளுமாக இருந்த நிலத்திற்குப் பல திசைகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். சுரங்கத்திற்கு நிலம் கொடுத்துவிட்டு வேறு இடம் தேடிய மக்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் கடைகள் பெருகின. என் பாட்டனாரும் மனைவியையும் பன்னிரண்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு இங்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஒரு வேப்பமரத்தின் நிழலில் ஓலைக் கொட்டகை போட்டார். ஒரு மர நாற்காலியும் ஒரு நிலைக்கண்ணாடியும் வாங்கினார். "இந்த நாற்காலியில் எவரும் அமரலாம். சாதி கேட்க மாட்டேன். நான் நின்றுகொண்டு வேலை செய்வேன், எவர் காலடியிலும் இனிக் குந்த மாட்டேன்" என்று அவர் அடிக்கடி சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மண் வெட்டுபவரும், எந்திரம் ஓட்டுபவரும், கணக்கு எழுதுபவரும் அந்த ஒரே நாற்காலியில் முறைவைத்து அமர்ந்தார்கள். தமிழரும், மலையாளிகளும், தெலுங்கரும், வட நாட்டவரும் அங்கே ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்தார்கள். அவர்கள் அனைவரின் முகத்திலும் ஓடியது இந்த ஒரு கத்திதான்.

இக்கத்தியைத் தாம் புதுச்சேரியில் வாங்கியதாகப் பாட்டனார் சொல்வார். 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரையில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஐரோப்பியப் பொருள்கள் பல அங்கே கிடைத்தன. அலகின் வால்பகுதியில் 'சோலிங்கன்' என்னும் எழுத்துகள் பாதி தேய்ந்த நிலையில் இன்றும் தெரிகின்றன. சோலிங்கன் என்பது ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள நகரம். வாளும் கத்தியும் செய்வதில் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அந்நகரில் செய்யாத கத்திகளின்மேல் அப்பெயரைப் பொறித்து விற்பதைத் தடுப்பதற்காக 1938ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றினார்கள் என்றால், அப்பெயரின் மதிப்பை நாம் உணரலாம். இங்கிலாந்தில் செபீல்டு என்னும் நகரம் இத்தகைய புகழ் உடையது.

மடக்கிவைக்கும் சவரக்கத்தியில் எல்லாரும் அலகையே போற்றுவார்கள். பிடியைப் பற்றிப் பேசுபவர் சிலரே. ஆயினும், பிடி இல்லையேல் அலகு பெட்டியில் உறங்க வேண்டியதுதான். பிடி என்பது மெல்லிய இரு தகடுகளின் சேர்க்கை. அத்தகடுகளின் ஒரு முனையில் அலகின் வால் நுழைந்திருக்கும். மறு முனையில் சிறிய ஆப்பு ஒன்று இருக்கும். இரு முனைகளையும் பித்தளை ஆணிகள் இணைக்கின்றன. ஆணியின் இரு தலைகளையும் சுத்தியலால் தட்டி மழுக்கி, மீண்டும் கழலாதவாறு செய்வதால் அதனைத் தறையாணி என்பார்கள். பட்டறைகளில் அதற்கு 'ரிவிட்டு' என்று பெயர். ஆப்பு ஒருபுறம் சரிந்து மெலிந்திருக்கும். அச்சரிவினால் தகடுகள் இரண்டும் சற்றே வளைந்து, வில்லைப்போல நின்று, அலகை இருபுறமும் மெல்ல அணைத்துக்கொள்கின்றன.

அக்காலத்துக் கைவினைஞர் இத்தகடுகளை யானைத் தந்தத்தாலும், ஆமையோட்டாலும், கொம்பாலும், எலும்பாலும், மரத்தாலும் செய்தார்கள். தந்தத்திற்காக யானைகள் மடிந்தன. ஓட்டிற்காக அழுங்காமைகள் மடிந்தன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின் வந்த திருத்தங்களும் நம் நாட்டில் அவ்வாணிகத்தைத் தடுத்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்லுலாயிடு என்னும் செயற்கைப் பொருள் வந்தது. தந்தத்தைப் போன்ற தோற்றம் அதற்கு உண்டு. ஆனால் அஃது எளிதில் தீப்பற்றும். முதுமையடைந்து சிதையும்போது வெளிவிடும் ஆவியால் அருகிலுள்ள எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். என் பாட்டனாரின் கத்திக்கு அமைந்தது எருமைக் கொம்பால் ஆகிய பிடி. நீண்ட நாள் கைபட்டுப் பழகிய அக்கொம்பு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரங்களில் தேன்நிறமாக ஒளிவிடும்.

அக்கத்தி பரணுக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டில் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஒருவர்க்குப் பயன்படுத்திய அலகை மற்றொருவர்க்குப் பயன்படுத்தலாகாது என்னும் விழிப்பு அதன் பின்னர் மக்களிடையே பரவியது. ஒவ்வொருவர்க்கும் புதிய பிளேடு மாற்றும் கத்திகள் முடிதிருத்தகங்களில் வந்தன. பிறர் வற்புறுத்துவதற்கு முன்னரே என் பாட்டனார் தம் பழைய கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிவைத்தார். "நாற்பது ஆண்டுகள் இதனால் ஒருவர்க்கும் தீங்கு வரவில்லை. இனியும் வரலாகாது" என்றார். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். கத்தி பெட்டிக்குள் போயிற்று. பெட்டி பரணுக்குப் போயிற்று.

நான் கண்டபோது கத்தி சீர்கெட்டிருந்தது. அலகில் அங்கங்கே துருப்புள்ளிகள் இருந்தன. அவற்றைத் தேய்த்து நீக்குவது எளிது. ஆனால் கீல்போல் அமைந்த ஆணியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அலகு இருபுறமும் ஆடியது. மடக்கும்போது அதன் கூர்வாய் கொம்பின்மேல் உரசியது. ஆப்பும் தளர்ந்திருந்தது. பழைய ஆணிகளை எடுத்துவிட்டுப் புதிய ஆணிகளைத் தறைந்துவிட்டால் போதும் என்று நான் எண்ணினேன். ஓர் இரும்பு ஆணியை அதன் தலைமேல் நிறுத்திச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தேன். 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. பித்தளை ஆணி அசையவில்லை. ஆனால் துளையிலிருந்து தகட்டின் ஓரம் வரையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நாற்பது ஆண்டு உழைப்பில் கெடாத பொருளை நான் ஒரே அடியில் கெடுத்துவிட்டேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு முதியவர் வாழ்கிறார். சுரங்க எந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய சக்கர வாளி எந்திரங்களின் உறுப்புகளைக் கழற்றி மாட்டிய கைகள் அவருடையவை. மறுநாட் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெடிப்பை நெடுநேரம் பார்த்தார்.

"வாத்தியாரே, இதை அடித்தீர்களா?" என்று கேட்டார்.

"ஆம், ஐயா. ஆணியை வெளியே தள்ளுவதற்காக அடித்தேன்" என்றேன்.

"நம் சுரங்கத்தில் கரிப்படுகைக்கு அடியில் நீர் மிகுந்த அழுத்தத்தோடு நிற்கிறது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்த பிறகே கரியை வெட்டுகிறோம். தணிக்காமல் வெட்டினால் தரை மேலெழும்பிப் பிளந்துவிடும். இங்கும் அதே முறைதான். ஆணியின் தலை கொம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது. முதலில் அத்தலையை அராவி எடுத்து இறுக்கத்தைத் தணிக்க வேண்டும். பிறகு விரல் வலிவிலேயே ஆணி வந்துவிடும்" என்றார்.

பிறகு கொம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிகவும் உலர்ந்திருக்கிறது. வெட்டியெடுக்கும்போது நம் நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அதனை வெயிலில் போட்டால் வெடித்துப் பொடியாகிவிடும். கொம்பும் ஈரப்பசையை இழந்தால் நொறுங்கும். பத்து நாள் எண்ணெய் தடவி வையுங்கள். அதுவரையில் உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன்" என்று சிரித்தார்.

அவர் எனக்குக் கொடுத்த வேலை வியப்பானது. கொட்டாங்கச்சியை உடைத்துச் சிறு துண்டுகளாக்கி, மெல்லியதாகத் தேய்க்கச் சொன்னார். இரண்டிரண்டு துண்டுகளாகச் சேர்த்துத் துளையிட்டு, பித்தளைக் கம்பியால் தறையச் சொன்னார். "பத்து இணைகள் செய்யுங்கள். வெடிக்காமல் எத்தனை நிற்கின்றன என்று பார்ப்போம்" என்றார். முதல் நாள் பத்தில் ஏழு வெடித்தன. மாணவர்களின் விடைத்தாளில் மதிப்பெண் இட்டுப் பழகிய எனக்கு, நூற்றுக்கு முப்பது வாங்கிய மாணவனின் நிலை அன்று நன்றாகப் புரிந்தது.

அம்முதியவர் என் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். துளை ஆணிக்கு மிகவும் இறுக்கமாக இருந்தது முதற் பிழை. தட்டும்போது பித்தளை பக்கவாட்டில் சற்றுப் பருக்கும். பருப்பதற்கு இடமில்லையேல் சுற்றியுள்ள பொருளைப் பிளந்துவிடும். ஆகவே ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்புள்ள ஆணிக்கு, அது தடையின்றி நுழையும் அளவுக்குத் துளை வேண்டும். மிகவும் அகன்றுவிட்டாலோ, ஆணி உள்ளேயே வளைந்துபோகும். கம்பியை நீளமாக வெட்டியது இரண்டாம் பிழை. நீண்ட முனை தலையாக மழுங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வளையத் தகட்டிற்கு மேலே அரை மில்லிமீட்டர் அளவு நீண்டிருந்தால் போதும். அவ்வளையத் தகட்டைப் பட்டறையில் 'வாஷர்' என்பார்கள். தலையின் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் சுற்றிலும் பரவுவதற்கு அது துணைசெய்கிறது. முனையை அரத்தால் சமமாகத் தேய்க்காமல் விட்டது மூன்றாம் பிழை.

நான்காம் பிழையே பெரியது. நான் ஆணியின் நடுவில் வலுவாக அடித்தேன். நடுவில் அடித்தால் ஆணி உள்ளே பருக்கும், தலை உருவாகாது. சிறிய சுத்தியலை எடுத்து, ஆணியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். நான்கு தட்டு தட்டியதும் மறுபுறம் திருப்பி நான்கு தட்டு தட்ட வேண்டும். கைமூட்டை அசைக்காமல், மணிக்கட்டின் அசைவாலேயே தட்ட வேண்டும். "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பீர்களே. அந்தப் பழமொழியில் பலத்த அடி என்று சொல்லவில்லை, வாத்தியாரே!" என்றார் அவர். நான் தலைகுனிந்து சிரித்தேன்.

பத்து நாள்களில் பத்து இணைகளும் வெடிக்காமல் நின்றன. அதன் பிறகே அவர் கத்தியைத் தொட விட்டார். முதலில் அலகின் கூர்வாயைத் தடித்த காகிதத்தால் சுற்றி ஒட்டினோம். உழைக்கும்போது கை நழுவினால் கத்தி நம்மை மன்னிக்காது. பிறகு மெல்லிய அரத்தால் பழைய ஆணிகளின் தலைகளைச் சிறிது சிறிதாக அராவினேன். அருகிலுள்ள கொம்பில் கீறல் விழாமல் இருக்க அதன்மேல் மெல்லிய தகரம் ஒன்றைத் துளையிட்டுப் பொருத்தியிருந்தோம். தலைகள் மறைந்ததும், துளையுள்ள மரக்கட்டையின்மேல் பிடியை வைத்து மெல்ல அழுத்தினேன். முன்பு ஓங்கி அடித்தும் அசையாத ஆணி, இப்போது வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வெளியே வந்தது.

வெடிப்பில் நீர்போன்ற மெல்லிய பசையைத் துளித்துளியாக ஊற்றி, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுதும் காயவைத்தோம். துருவை நீக்கிய அலகை அதன் பின் தகடுகளுக்கிடையே பொருத்தினோம். உடனே ஆணி தறைய அவர் விடவில்லை. சிறு திருகாணிகளையும் மரைகளையும் கொண்டு முதலில் பிடியைப் பூட்டிப் பார்த்தார். மடக்கியபோது அலகு இடப்பக்கமாகச் சாய்ந்து தகட்டை உரசியது. ஆப்பின் ஒரு பக்கத்தைச் சிறிது தேய்த்தார். மீண்டும் பூட்டினார். இவ்வாறு மூன்று முறை செய்த பிறகு அலகு இரு தகடுகளுக்கும் நட்டநடுவே இறங்கிற்று. "தறைந்த பிறகு திருத்த நினைத்தால் மறுபடியும் ஆணியை உடைக்க வேண்டும். ஒவ்வொரு முறை உடைக்கும்போதும் கொம்புக்கு ஆயுள் குறையும்" என்றார்.

முதலில் ஆப்பு இருந்த முனையைத் தறைந்தேன். அடுத்து, அலகு இருந்த முனைக்கு வந்தேன். வெடிப்பு ஓடியது அந்த இடத்தில்தான். என் நெஞ்சு படபடத்தது. "தட்டும் ஒலியைக் கேளுங்கள்" என்றார் முதியவர். மழுங்காத ஆணி ஒருவகையாக ஒலிக்கும். தலை பரந்து வளையத் தகட்டில் படிந்ததும் ஒலி மாறும். அப்போது நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு தட்டு தட்டினால் உறுதிப்படும் என்னும் ஆசைதான் கொம்பைப் பிளக்கிறது. நான் தட்டினேன், திருப்பினேன், மீண்டும் தட்டினேன். அரை மணி நேரம் சென்றது. ஒலி மாறியது. சுத்தியலைக் கீழே வைத்தேன். வெடிப்பு அசையாமல் மூடிய நிலையிலேயே இருந்தது. அலகைத் திறந்தேன். விட்ட இடத்தில் அது நின்றது, தானாகச் சரியவில்லை. மடக்கினேன். உரசாமல் உள்ளே அடங்கியது.

அன்று மாலை கத்தியைத் தந்தையாரிடம் கொண்டுபோனேன். இம்முறை அவர் கையை நீட்டினார். கட்டைவிரலால் வாலை அழுத்தி அலகைத் திறந்தார். அவர் விரல்கள் அதனைப் பிடித்த முறையைக் கண்டு நான் திகைத்தேன். அறியாதவர் பிடிக்கும் முறை அன்று அது. சிறு வயதிலேயே கற்றவரின் பிடி. ஆணியின் தலையைத் திரும்பத் திரும்பத் தடவினார். பிறகு பேசத் தொடங்கினார்.

"எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் நான் உணவை மறந்துவிட்டுப் போய்விட்டேன். உன் பாட்டனார் கடையைச் சாத்திவிட்டுச் சோற்றுப் பாத்திரத்துடன் வாயிலுக்கு வந்தார். தோளில் கத்திப்பை தொங்கியது. உடன் இருந்தவர்கள், 'யார் அவர்?' என்று கேட்டார்கள். 'ஊரில் தெரிந்தவர்' என்று சொல்லிவிட்டேன். அவர் காதில் அது விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, 'வருகிறேன், ஐயா' என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பெற்ற மகனை ஐயா என்றார். அதன் பிறகு அவர் அந்த வாயிலுக்கு வரவே இல்லை. வீட்டிலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாள்தோறும் நினைத்தேன். நாளை கேட்கலாம், நாளை கேட்கலாம் என்றே காலம் போய்விட்டது. இந்தக் கத்தியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'ஐயா'தான் என் காதில் ஒலிக்கும். அதனால்தான் பரணில் வைத்தேன்."

அவர் கண்கள் கலங்கின. எனக்கும் பேச நா எழவில்லை. எவர் காலடியிலும் இனிக் குந்துவதில்லை என்று ஊரை விட்டு வந்த மனிதர், தம் மகன் தலைநிமிர்ந்து நாற்காலியில் அமர வேண்டும் என்றே அத்தனை முகங்களுக்கும் இக்கத்தியைத் தீட்டினார். அக்கத்தி ஈட்டிய காசில் படித்தவர் என் தந்தையார். அவர் படிக்கவைத்து ஆளானவன் நான். உழைப்பில் இழிவு இல்லை. உழைத்து வளர்த்தவரை மறைப்பதே இழிவு. இதனை நான் வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று திண்ணையில்தான் உண்மையாகக் கற்றேன்.

ஒரே அடியில் விழுந்த வெடிப்பைப் பல நாள் பொறுமையால் ஒட்டவைத்தோம். அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் ஓர் இழையாகத் தெரிகிறது. ஆயினும் பிடி உறுதியாக இருக்கிறது. ஒரு சொல்லால் நேர்ந்த வெடிப்பும் அத்தகையதே போலும்.

கத்தியை நான் மீண்டும் பரணில் ஏற்றவில்லை. கூடத்து அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னே, பாட்டனாரின் படத்தருகே வைத்திருக்கிறோம். திங்களுக்கு ஒருமுறை தந்தையாரே அதனை எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவுகிறார். சென்ற வாரம் என் நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "இஃது என்ன கத்தி?" என்று கேட்டார். நான் விடை சொல்வதற்குள் தந்தையார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"என் தந்தையாருடைய சவரக்கத்தி. அவர் நாவிதர்" என்றார்.